மாரி தொடங்குமுன் பணம் வந்து சேர வேண்டும்: உணவுப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு அரச நன்கொடை பெறுவதற்கான முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன்னர், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் நான் கணக்கு வேலைகளில் உதவி வந்த கிராமச் சங்கமொன்றுக்கு வெளிநாட்டு நன்கொடையொன்றின் கீழ் சோளன் விதை கிடைத்தது. ஐப்பசி மழையோடு ஊன்றப்பட வேண்டிய அந்த விதை, தைப்பொங்கல் கழிந்து இரண்டு நாட்களின் பின்னர் லொறியில் வந்து இறங்கியது. திட்ட முன்மொழிவில் குறையென்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான நாளுக்கும் முதற் தவணைப் பணம் வங்கிக்கு வந்த நாளுக்கும் இடையில் எத்தனை வாரங்கள் கழியும் என்பதை மட்டும் எங்களில் எவரும் கணக்கிட்டிருக்கவில்லை. இளஞ்சிவப்பு நிறத்தில் மருந்து பூசிய விதையாதலால் அதைக் கோழிக்குக்கூடப் போட முடியவில்லை. மூடைகள் சங்கக் கட்டடத்தின் மூலையில் அடுத்த மாரி வரை கிடந்து, முளைதிறன் குன்றிப் போயின.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலுள்ள கமக்காரர் அமைப்புகள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், சிறிய தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றை மனதில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அரசுகள் வழங்கும் நன்கொடைப் பணத்தை உணவுப் பாதுகாப்புக்காகப் பெறுவதற்கு எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை, படிவம் நிரப்புவதிலிருந்து தொடங்காமல், அதற்கு ஓராண்டு முன்னரே செய்ய வேண்டியவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

முதற்படி: பணம் எந்த வழியால் வருகிறது என்பதை அறிதல்

ஒரு நாட்டின் அரசு இன்னொரு நாட்டின் உணவுப் பாதுகாப்புக்கு வழங்கும் பணம் பெரும்பாலும் நான்கு வழிகளால் இலங்கைக்குள் வருகிறது. முதலாவது, அரசிலிருந்து அரசுக்கு வருவது. இது திறைசேரியின் வெளிநாட்டு வளங்கள் திணைக்களத்தினூடாக அமைச்சுகளுக்கும் மாகாணத் திணைக்களங்களுக்கும் செல்கிறது. உலக வங்கி, சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியம் போன்றவற்றின் பெரும் திட்டங்களும் இதே வாய்க்காலில்தான் ஓடுகின்றன. இரண்டாவது, உலக உணவுத் திட்டம், உணவு விவசாய நிறுவனம் போன்ற ஐக்கிய நாடுகள் அமைப்புகளுக்கு நன்கொடை நாடுகள் கொடுக்கும் பணம். மூன்றாவது, சர்வதேச தொண்டு நிறுவனங்கள் போட்டியிட்டு வென்று, உள்ளூர்ப் பங்காளிகளோடு பகிர்ந்துகொள்வது. நான்காவது, கொழும்பிலுள்ள தூதரகங்களும் உயர்ஸ்தானிகராலயங்களும் உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாக வழங்கும் சிறு நன்கொடைகள்.

கிராமச் சங்கமொன்று தன் பெயரிலேயே விண்ணப்பிக்கக்கூடியது நான்காவது வழிக்கு மட்டுமே. மூன்றாவது வழியில் அது பங்காளியாகச் சேரலாம். முதலிரண்டு வழிகளில் அது பயனாளியாகவே இடம்பெறும். அங்கே செய்ய வேண்டிய வேலை விண்ணப்பம் எழுதுவதன்று, கமநல சேவை நிலையத்திலும் பிரதேச செயலகத்திலும் உங்கள் கிராமத்தின் தேவை பதிவாகியிருப்பதை உறுதிசெய்வதே. இந்த வேறுபாடு விளங்காமல், உலக வங்கிக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் சங்கங்களை நான் கண்டிருக்கிறேன்.

நேரடி நன்கொடைகளில் மூன்றை இங்கு குறிப்பிடலாம். ஜப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்டங்களுக்கான நன்கொடை உதவி 1989ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கே இது கிடைக்கும், தனிநபர்களுக்குக் கிடைக்காது. கட்டடம், கிணறு, இயந்திரம், வாகனம் போன்ற நிலையான பொருள்களுக்கு இது ஏற்றது. விதை, பசளை, சம்பளம் போன்ற கரைந்துபோகும் செலவுகளுக்கு இதில் இடமில்லை. நெடுங்காலம் ஒரு திட்டத்துக்கு 1 கோடி யென் என்ற அளவிலேயே இதன் உச்சவரம்பு இருந்து வந்தது. கனடாவின் உள்ளூர் முன்முயற்சிகளுக்கான நிதியத்தில் உச்சவரம்பு 100,000 கனேடிய டொலர். நடைமுறையில் வழங்கப்படுவது அதைவிட மிகக் குறைவு. பயிற்சி, உள்ளீடுகள், சமூக வேலைகள் ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு. ஆனால் பெண்களோடு கலந்தாலோசித்துத் திட்டம் வரையப்பட்டதா என்பதை அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டமும் சிறிய அளவிலான சமூகத் திட்டங்களுக்கானது.

திட்ட முன்மொழிவுகளைக் கோரி ஐரோப்பிய ஒன்றியம் வெளியிடும் அழைப்புகள் வேறு ரகம். அவை பெரும்பாலும் பல இலட்சம் யூரோக்களுக்கானவை; முதலில் கருத்துருச் சுருக்கம், அதில் தேறியவர்களுக்கு முழு விண்ணப்பம் என இரு கட்டங்களாக நடப்பவை. கிராமச் சங்கம் அதில் தலைமை விண்ணப்பதாரராக நிற்பது நடைமுறைச் சாத்தியமற்றது. ஏற்கெனவே அனுபவமுள்ள நிறுவனமொன்றோடு இணை விண்ணப்பதாரராகச் சேர்வதே புத்தி.

ஒரே கதவை நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு 2025ஆம் ஆண்டு போதுமான சாட்சி. அவ்வாண்டு தை மாதத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியது; அந்த உதவிகளை வழங்கிவந்த யூ.எஸ்.எயிட் நிறுவனம் ஜூலை 1ஆம் திகதியோடு தன் பணிகளை முடித்துக்கொண்டது. பிரித்தானியாவும் தன் உதவித் தொகையை 2027ஆம் ஆண்டளவில் தேசிய வருமானத்தின் 0.3 வீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்தப் பணத்தில் ஓடிய அலுவலகங்களில் வேலைசெய்த நம் பிள்ளைகள் ஒரே கிழமையில் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இரண்டாம்படி: சங்கத்தின் சட்டபூர்வ நிலை

நன்கொடை வழங்குவோர் முதலில் பார்ப்பது யோசனையை அன்று, பதிவை. அரச சார்பற்ற நிறுவனங்கள் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனிகள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழும், கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழும் பதிவாகின்றன. கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. பதிவு எதுவாயினும், அது காலாவதியாகாமல் இருப்பதே முக்கியம். யாப்பு, நிர்வாகசபைப் பட்டியல், கடந்த இரண்டு ஆண்டுகளின் கணக்காய்வு அறிக்கைகள், சங்கத்தின் பெயரிலான வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பமிடும் ஒழுங்கு ஆகியவை ஒரே கோப்பில் இருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கிலுள்ள பெயரும் பதிவுச் சான்றிதழிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள். ஓரிடத்தில் "மகளிர்" என்றும் மற்றோரிடத்தில் "மாதர்" என்றும் இருந்த காரணத்தால் பணம் திரும்பிப் போன சங்கத்தை நான் அறிவேன்.

கணக்காய்வு அறிக்கையைப் பற்றி ஒரு சொல். வருடத்துக்கு இருபதாயிரம் ரூபா மட்டுமே புழங்கும் சங்கத்துக்கும் அது தேவை. கடந்த ஆண்டு சிறு தொகையைச் சரியாகக் கணக்கு வைத்தவர்களே இவ்வாண்டு பெரிய தொகையைக் கேட்க உரித்துடையவர்கள் என்பதே நன்கொடையாளரின் தர்க்கம். ஆகவே முதலில் சிறு தொகையொன்றைப் பெற்று ஒழுங்காக முடித்துக் காட்டுவது, நேரடியாகப் பெருந்தொகைக்குத் தாவுவதைவிட விரைவான வழி.

மூன்றாம்படி: பசியை அளத்தல்

"எங்கள் கிராமத்தில் வறுமை நிலவுகிறது" என்று தொடங்கும் முன்மொழிவுகள் மதிப்பீட்டாளரின் மேசையில் குவியலாகக் கிடக்கும். உணவுப் பாதுகாப்பு என்பது கிடைப்பனவு (உணவு இருத்தல்), அணுகல் (அதை வாங்கவோ பெறவோ முடிதல்), பயன்பாடு (உண்டது உடலில் சேர்தல்), நிலைத்தன்மை (இவை ஆண்டு முழுதும் நீடித்தல்) ஆகிய நான்கு தூண்களில் நிற்பது என்பது 1996ஆம் ஆண்டின் உலக உணவு உச்சிமாநாட்டுக்குப் பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். நம் மாவட்டங்களில் இந்த வேறுபாடு மிகவும் பொருளுடையது. மட்டக்களப்பும் அம்பாறையும் நெல் விளையும் மாவட்டங்கள்; நெல் இங்கே இருக்கிறது. ஆனால் நெல் விளையும் வயலின் ஓரத்தில் குடியிருக்கும் கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு அது காசு கொடுத்தே வர வேண்டும். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது, இங்கு குறைந்தது களஞ்சியம் அன்று, வாங்கும் சக்தி. இத்தகைய கிராமத்துக்கு நெல் உற்பத்தியைப் பெருக்கும் திட்டமொன்றை எழுதினால், அது பெருவயல் வைத்திருக்கும் போடியாருக்கே பயன்படும்.

ஆகவே அளவீடு வேண்டும். எளிதானதும் பரவலாக ஏற்கப்படுவதுமான முறை உணவு நுகர்வுப் புள்ளி. கடந்த ஏழு நாட்களில் எந்த உணவு வகையை எத்தனை நாள் உண்டார்கள் என்று கேட்டு, தானியத்துக்கு 2, பருப்பு வகைக்கு 3, மரக்கறிக்கு 1, பழத்துக்கு 1, மீன் இறைச்சி முட்டைக்கு 4, பாலுக்கு 4, சீனிக்கும் எண்ணெய்க்கும் தலா அரை எனப் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சோறு ஏழு நாளும் உண்டு: 14. பருப்பு இரண்டு நாள்: 6. மரக்கறியும் கீரையும் மூன்று நாள்: 3. மீன் இரண்டு நாள்: 8. தேநீருக்குச் சீனி ஏழு நாளும்: 3.5. எண்ணெய் ஐந்து நாள்: 2.5. பாலும் பழமும் இல்லை. மொத்தம் 37. வழமையான எல்லையின்படி 21 வரை மோசம், 35 வரை எல்லைக்கோடு, அதற்கு மேல் போதுமானது; ஆகவே இந்த வீடு தப்பிவிடுகிறது. ஆனால் சீனியும் எண்ணெயும் அன்றாடம் சேரும் சமூகங்களுக்கு 28, 42 என்ற உயர்ந்த எல்லைகள் பயன்படுத்தப்படுகின்றன. அதன்படி இதே வீடு எல்லைக்கோட்டில் நிற்கிறது. எந்த எல்லையைக் கையாண்டீர்கள் என்பதை முன்மொழிவில் ஒரு வரியில் எழுதிவிட்டால், மதிப்பீட்டாளர் உங்களை வேறு கண்ணால் பார்ப்பார்.

கேள்வி கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். சம்பலில் இடிபட்ட மாசிக் கருவாட்டுத் துண்டை மீன் என்று எழுதக் கூடாது. தேநீரில் விட்ட ஒரு கரண்டிப் பாலைப் பால் என்று எழுதக் கூடாது. அவை சுவையூட்டிகளாகவே கொள்ளப்படும். இந்தச் சிறு பிழையொன்றே ஒரு வீட்டின் புள்ளியை இருபதால் உயர்த்திக் காட்டிவிடும்.

எப்போது அளப்பது என்பது அதைவிடப் பெரிய விடயம். மாசி பங்குனியில், அறுவடை முடிந்து கூலி கையிலிருக்கும்போது எடுத்த கணக்கு ஒன்று. கார்த்திகை மார்கழியில், வாவியில் வலை போட முடியாமலும் வயலில் கூலி இல்லாமலும் இருக்கும்போது எடுத்த கணக்கு முற்றிலும் வேறு. தொடக்கக் கணக்கெடுப்பை மாசியிலும் இறுதிக் கணக்கெடுப்பை மார்கழியிலும் செய்தால், வெற்றிபெற்ற திட்டமும் தோற்றதாகவே தெரியும். இரண்டையும் ஒரே மாதத்தில் செய்யுங்கள்.

இவற்றோடு, பிரதேச குடும்ப நல உத்தியோகத்தரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலும் சிறுவர்களின் நிறை பற்றிய திரட்டிய தரவுகளை எழுத்தில் கேட்டுப் பெறலாம். அரசு வழங்கும் திரிபோஷா சத்துமாவைப் பெறும் தாய்மாரின் எண்ணிக்கைகூட ஒரு சான்றுதான்.

நான்காம்படி: காணி, நீர், அனுமதி

முன்மொழிவுகள் அதிகம் வீழ்வது இங்கேதான். நிலையான கட்டுமானம் எதற்கும், காணி யாருடையது என்பதை நிறுவும் ஆவணம் வேண்டும். நம் கிராமங்களில் உறுதிக் காணியைவிட, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகளே மிகுதி. அனுமதிப்பத்திரம் தாத்தாவின் பெயரில் இருக்கும், பின்னுரித்து மாற்றப்பட்டிருக்காது. அப்படிப்பட்ட காணியில் பொதுக் கிணறு வெட்ட எந்தத் தூதரகமும் பணம் தராது. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இதைச் சீர்செய்ய மாதங்கள் பிடிக்கும் என்பதால், அழைப்பு வெளிவந்த பின்னர் தொடங்கினால் முடிவடையாது.

வாகரை, கிரான், செங்கலடி, வவுணதீவு, வெல்லாவெளி ஆகிய பிரிவுகளின் மேற்கெல்லையில் வேலைசெய்பவர்கள், தெரிவுசெய்த இடம் வன இலாகாவின் எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை விவகாரத்தில் பாற்பண்ணையாளர்கள் 2023ஆம் ஆண்டு செப்டெம்பரிலிருந்து வீதியில் இருந்து போராடியதை நாடே அறியும். மேய்ச்சல் தரையின் நிலை தீராத இடத்தில் பாற்பசுத் திட்டமொன்றை எழுதுபவர், அந்த ஆபத்தை மறைக்காமல் முன்மொழிவின் இடர் பகுதியில் எழுதி, அதற்கான மாற்று ஏற்பாட்டையும் காட்ட வேண்டும். மறைத்தால் கண்டுபிடிப்பார்கள். யானைக்கும் இதே விதிதான்: யானை வேலியின் பராமரிப்பு யார் பொறுப்பு என்று சொல்லாத மரவள்ளித் திட்டம், முதல் மாதத்திலேயே யானைக்கு விருந்தாகும்.

குளம் திருத்துவதாயின் யாருடைய குளம் என்று பாருங்கள். 80 ஹெக்டேயர் வரை பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும், பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பிலும் உள்ளன. வாவியிலோ களப்பிலோ இறால், மீன் வளர்ப்பென்றால் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதம் வேண்டும்.

கிணறு வெட்டும் இடத்தை ஆவணி மாதத்தில் தெரிவுசெய்யுங்கள். மார்கழியில் எங்கே தோண்டினாலும் நீர் வரும். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையின் மணற்பாங்கான இடங்களில் கடும் கோடையில் கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்தாலே உப்பேறுவது தெரிந்துவிடும்; இருந்தாலும் ஆய்வுகூட அறிக்கையே மதிப்பீட்டாளருக்குச் சான்று. தொழினுட்பக் கருத்துக்கு விவசாயப் போதனாசிரியரின் கடிதமொன்றும், முடியுமாயின் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்திலிருந்து ஒருவரின் ஆலோசனையும் பெறலாம்.

கையொப்பங்களுக்கான நாட்களையும் கணக்கில் சேருங்கள். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) கடந்து களுவாஞ்சிகுடி வழியாக மட்டக்களப்புக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய்வர ஒரு நாள் கழியும். திருக்கோவிலிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ அம்பாறை நகரிலுள்ள மாவட்டச் செயலகத்துக்குப் போகிறவர்களுக்கும் அதே கதைதான். அதிகாரி கூட்டத்திலிருந்தால் அது இரண்டு நாளாகும்.

ஐந்தாம்படி: இரு நாட்காட்டிகளை ஒன்றாக வைத்தல்

இதுவே இந்த வழிகாட்டியின் நடுநாயகம். ஒரு தாளின் மேல்வரியில் நம் ஆண்டை எழுதுங்கள்: புரட்டாதி ஐப்பசியில் பெரும்போக விதைப்பு, கார்த்திகை மார்கழியில் வெள்ளம், தை முதல் பங்குனி வரை அறுவடை, சித்திரையில் சிறுபோகம், ஆடி ஆவணியில் வரட்சியும் சிறுபோக அறுவடையும். கீழ்வரியில் நன்கொடையாளரின் ஆண்டை எழுதுங்கள். ஜப்பானுக்கும் கனடாவுக்கும் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது; அவுஸ்திரேலியாவுக்கு ஜூலை முதல் ஜூன்; அமெரிக்காவுக்கு ஒக்டோபர் முதல் செப்டெம்பர்; இலங்கை அரசுக்கு ஜனவரி முதல் டிசெம்பர்.

இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் பிரச்சினை கண்ணுக்கு நேரே தெரியும். மார்ச்சில் முடியும் நிதியாண்டில், பணம் செலவழிக்கக் கிடைக்கும் மாதங்கள் பெரும்பாலும் நம் மாரியின் மேலேயே விழுகின்றன. மாரியில் பயிரிடலாம்; ஆனால் கட்ட முடியாது. கிரான் பாலத்தின் மேலாக வெள்ளம் பாயும் நாட்களில் அப்பாலுள்ள கிராமங்களுக்குப் படகில்தான் போக வேண்டும். சீமெந்து மூடையைப் படகில் ஏற்றிப்போகும் செலவை எந்த முன்மொழிவும் எதிர்பார்த்திருப்பதில்லை. ஆகவே மார்ச்சில் முடியும் நன்கொடைக்கு, அதன் விதிகள் இடந்தருமாயின், பயிற்சி, நாற்றுமேடை, மானாவாரிப் பயிர், விதை வங்கி போன்றவற்றை எழுதுங்கள். கிணறு, களஞ்சியம், நெல் உலர்த்தும் தளம், வேலி போன்றவற்றைச் சித்திரை முதல் ஆவணி வரை வேலைசெய்ய இடந்தரும் நன்கொடைக்கு ஒதுக்குங்கள். இரண்டும் வேண்டுமாயின், மாரி தொடங்குமுன் முதற் தவணை வராவிட்டால் எந்த வேலை அடுத்த போகத்துக்குப் போகும் என்பதை முன்மொழிவிலேயே எழுதிவையுங்கள். பின்னர் திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதுவதைவிட, முன்கூட்டியே எழுதிய ஓர் வரி மதிப்புள்ளது.

கைச்சாத்துக்கும் பணத்துக்கும் இடையில் குறைந்தது எட்டு வாரங்கள் என்று வைத்துக்கொள்வது என் பழக்கம். மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டாலும் தவறில்லை. விதை வாங்கும் திட்டமாயின், ஆடி மாதத்துக்குள் ஒப்பந்தம் முடியாவிட்டால் அந்தப் பெரும்போகத்தை மறந்துவிடுங்கள்.

ஆறாம்படி: எழுதுதல்

அழைப்பின் வழிகாட்டுதல்களை அச்சிட்டு, "கட்டாயம்" என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் கோடிட்டுக்கொண்டு எழுதத் தொடங்குங்கள். தகுதிக் குறைவால் நிராகரிக்கப்படும் விண்ணப்பங்கள் எவராலும் வாசிக்கப்படுவதே இல்லை.

முன்மொழிவின் முதுகெலும்பு ஒரே ஒரு சங்கிலி: எதைச் செய்வோம், அதனால் உடனடியாக என்ன கிடைக்கும், அதனால் வீடுகளில் என்ன மாறும். "நாற்பது பெண்களுக்கு வீட்டுத்தோட்டப் பயிற்சி" என்பது செய்யும் வேலை. "முப்பத்தைந்து வீடுகளில் கோடையிலும் காய்க்கும் தோட்டம்" என்பது கிடைக்கும் பயன். "அந்த வீடுகளில் மரக்கறி உண்ணும் நாட்கள் வாரத்துக்கு மூன்றிலிருந்து ஐந்தாக உயர்தல்" என்பது மாற்றம். மூன்றாம்படியில் அளந்து வைத்த புள்ளிகள் இங்கேதான் கைகொடுக்கும். சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டால் மதிப்பீட்டாளர் அதிலேயே விரலை வைப்பார்: கோடையில் நீர் எங்கிருந்து வரும், ஆட்டிடமிருந்து யார் காப்பார், மிஞ்சிய கத்தரிக்காயை யார் வாங்குவார்?

தமிழில் சிந்தித்து, தமிழில் முழுமையாக எழுதி, சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டிய பின்னரே ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஆங்கிலம் அறிந்த ஒருவர் தனியாக இருந்து எழுதிக் கொடுக்கும் முன்மொழிவுகளில், கிராமத்தில் எவருக்கும் தெரியாத வாக்குறுதிகள் நுழைந்துவிடுகின்றன. களப் பார்வைக்கு வரும் அதிகாரி தலைவியிடம் அதைப் பற்றிக் கேட்கும்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

ஏழாம்படி: வரவுசெலவுத் திட்டம்

பெரிய பொருள் ஒவ்வொன்றுக்கும் மூன்று கடைகளிலிருந்து எழுத்திலான விலைமனு பெறுங்கள். மூன்றும் ஒரே முதலாளியின் மூன்று கடைகளாக இருக்கக் கூடாது; தொலைபேசி இலக்கத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பெறுமதி சேர் வரி 2024ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து 18 வீதம். பல நன்கொடையாளர்கள் வரியை ஏற்பதில்லை என்பதால், விலைமனுவில் வரியைத் தனியாகக் காட்டச் சொல்லி, அதைச் சங்கம் எதிலிருந்து செலுத்தும் என்றும் எழுத வேண்டும். இதை மறந்தால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டிய தொகை துண்டுவிழும். நிறுவனமாகப் பதிவானவர்கள் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் நன்கொடைத் தொகைகள் மீது தமக்குள்ள வரிப் பொறுப்பையும் கணக்காளரிடம் கேட்டறிய வேண்டும்.

நிர்வாகச் செலவுக்கு எல்லை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் மறைமுகச் செலவு நேரடிச் செலவின் 7 வீதத்துக்கு மேற்படக் கூடாது. தூதரகச் சிறு நன்கொடைகளில் இதைவிட இறுக்கம் அதிகம்.

நாணய மாற்று ஆபத்தை 2022 நமக்கு நன்றாகவே கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியது. டொலரில் பணம் வந்தவர்களுக்கு இது இலாபம் போலத் தெரிந்தது. ஆனால் கம்பியும் எரிபொருளும் அதைவிட வேகமாக ஏறின, சில நாட்களில் கிடைக்கவேயில்லை. எந்த மாற்று விகிதத்தில் கணக்கிட்டீர்கள், எந்தத் திகதியின் விகிதம் என்பதை அடிக்குறிப்பாக இடுங்கள். உபரி வந்தால் அதை எதற்குப் பயன்படுத்த அனுமதி கேட்பீர்கள் என்பதையும் சேருங்கள்.

சமூகப் பங்களிப்பு என்று எழுதும்போது நேர்மை வேண்டும். சிரமதானத்தில் ஒரு குடும்பம் நான்கு நாள் தரும் என்று எழுதினால், அது அறுவடைக் காலமா என்று பாருங்கள். ஒரு நாட் கூலியை இழந்து சிரமதானத்துக்கு வரும் பெண்ணின் வீட்டில் அன்றிரவு என்ன சமைப்பார்கள் என்பதும் உணவுப் பாதுகாப்புக் கேள்விதான்.

எட்டாம்படி: பணம் வந்த பின்னர்

பயனாளிகளைத் தெரிவுசெய்யும் அளவுகோல்களைக் கிராம உத்தியோகத்தரின் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். தெரிவான பெயர்களைக் கூட்டத்தில் உரத்து வாசித்து, ஆட்சேபனைக்கு ஒரு கிழமை கொடுங்கள். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பெறுவோரின் பட்டியலை ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம். ஆனால் அதில் விடுபட்டவர்களே சில வேளைகளில் மிக வறியவர்கள். நிர்வாகசபை உறுப்பினரின் உறவினர் தெரிவானால், அந்த உறுப்பினர் அந்த முடிவில் பங்குபற்றவில்லை என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். இதைச் செய்யாமல் விட்ட சங்கமொன்றில், பத்துக் கோழிக் கூடுகளுக்காக ஒரு தெருவே இன்றுவரை மற்றத் தெருவோடு பேசுவதில்லை.

ஒவ்வொரு பற்றுச்சீட்டும் சங்கத்தின் பெயரில், திகதியோடு, திட்டக் காலத்துக்குள் இருக்க வேண்டும். திட்டம் தொடங்குவதற்கு முதல் நாள் வாங்கிய மண்வெட்டிக்குப் பணம் கிடைக்காது. உழவுக்கு வந்த டிராக்டர்க்காரரிடம் பற்றுச்சீட்டுப் புத்தகம் இருக்காது. அவருக்காகப் பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், வேலை, தொகை, கையொப்பம் ஆகியவற்றுடன் ஒரு கொடுப்பனவு உறுதிச்சீட்டைத் தயாராக வைத்திருங்கள். விதை வழங்கும் நாளில் பெற்றவர்களின் கையொப்பப் பட்டியலும், விதைப் பைகளின் தொகுதி இலக்கம் தெரியும் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடைக்கால அறிக்கையில் தோல்விகளையும் எழுதலாம், எழுத வேண்டும். அன்று எங்கள் சோளன் விதை தாமதமானதை நாங்கள் மறைக்காமல் எழுதி, மீதித் தவணையைச் சிறுபோகத்துக்கான பயறு விதைக்கு மாற்ற அனுமதி கேட்டோம். மூன்று வாரத்தில் சம்மதம் வந்தது. உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் பக்கத்திலிருந்த வீடுகளுக்கு அந்தப் பயறு ஆடி மாதத்தில் கைக்கு வந்தது. மற்றப் பக்கத்து வீடுகளுக்கு வரவில்லை. இரண்டையும் அறிக்கையில் எழுதினோம்.

கணக்காய்வு, திட்டம் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரும் வரக்கூடும். ஆகவே மூலப் பற்றுச்சீட்டுகளை அழிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுத்து மின்னஞ்சலிலும் ஏற்றிவையுங்கள். சங்கக் கட்டடத்தின் இரும்பு அலுமாரி பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். நம் பக்கத்தில் அலுமாரியின் கீழ்த்தட்டுக்குக் கார்த்திகை மாதத்தில் தண்ணீர் வரும். மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் பெட்டியொன்றில் கோப்புகளை வைத்து, ஐப்பசி பிறக்குமுன் கூரையின் கீழுள்ள பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.